பழைய மோட்டார் வண்டிக்குப் புதுக் கூடு



1990ஆம் ஆண்டு யூலை மாதத்தில் இலண்டன் உயர் நீதிமன்றத்திலே ஒரு விசித்திரமான வழக்குத் தீர்க்கப்பட்டது. வழக்குக்குப் பொருளாயிருந்தது ஒரு பழைய பென்ட்லி மோட்டார் வண்டி. அதற்கு ஏறக்குறைய ஒரு கோடி பவுண் விலை தருவதாக உடன்பட்டிருந்தவர்கள், பின்னர், தாங்கள் வாங்க எண்ணிய வண்டி இதுவன்று எனக் கூறிப் பணங் கொடுக்க மறுத்துவிட்டனர். விற்றவரோ இதுவேதான் அந்த வண்டி என்று சாதித்தார். வண்டியை யாரும் களவாடவுமில்லை, மாற்றி வைக்கவுமில்லை. அது எந்த வண்டி என்பதில் இரு பகுதியாருக்கும் ஐயமில்லை. ஐயமெல்லாம், இத்தனை உறுப்புகள் மாறிய பின்னரும் அது அந்த வண்டிதானா என்பதிலேயே இருந்தது.

அவ்வழக்குக்கு வருமுன், பழைய காலத்தில் மோட்டார் வண்டி எவ்வாறு விற்கப்பட்டது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். இன்று நாம் கடைக்குச் சென்று முழு வண்டியை வாங்குகிறோம். 1920ஆம் ஆண்டுகளில் பென்ட்லி, றோல்ஸ் றோய்ஸ் போன்ற உயர்ந்த கம்பனிகள் முழு வண்டியை விற்பதில்லை. அடிச்சட்டம், எஞ்சின், கியர்ப்பெட்டி, அச்சுகள், சில்லுகள் ஆகியவற்றைப் பூட்டி, ஓடக்கூடிய நிலையில் ஓர் எலும்புக்கூட்டையே கொடுத்தன. நம் ஊர்க் கராஜுகளில் ‘செசி’ என்று வழங்குவது அதுதான். வாங்கியவர் அதனைக் கூடு கட்டும் தொழிலாளரிடம் ஒப்படைப்பார். ஹூப்பர், பாக்கர், பார்க் வார்ட், மலினர், கேர்னி நட்டிங், வன்டன் பிளாஸ் என இத்தொழிலிற் பெயர் பெற்ற நிலையங்கள் பல இங்கிலாந்தில் இருந்தன. குதிரை வண்டி கட்டிய கைகளே பெரும்பாலும் மோட்டார் வண்டிக்கும் கூடு கட்டின. ‘ஆஷ்’ என்னும் மரத்தினாற் சட்டம் செய்து, அதன்மேல் அலுமினியத் தகட்டைக் கையாலே தட்டிப் பொருத்துவது அவர்கள் முறை.

வேறொரு முறையும் இருந்தது. வெய்மன் என்பவர் கண்ட அம்முறையில், மரத்துண்டுகள் ஒன்றோடொன்று உராயாதபடி மூட்டுகளில் உலோகத் தகடு வைத்து, மேலே தகட்டுக்குப் பதிலாகத் தோலைப்போன்ற துணியை இழுத்துப் போர்த்துவார்கள். அதனாற் கூடு இலேசாகவும் ஓசையற்றும் இருந்தது. லெ மான் ஓட்டப் பந்தயத்தில் வென்ற பென்ட்லி வண்டிகளிற் பல துணி போர்த்தவையே. ஆனால் துணி நெடுங்காலம் தாங்காது. நீர் புகுந்தால் உள்ளேயிருக்கும் மரமும் உளுத்துப்போகும். வெய்மன் கூடுகள் இன்று அருகிப்போனமைக்கு இதுவே முதற் காரணம்.

அடிச்சட்டம் ஒருவருடையது, கூடு இன்னொருவருடையது என்றிருந்த காலத்திற் கூட்டை மாற்றுவது ஒரு குற்றமாகத் தோன்றவில்லை. ஒருவர் வேனிற் காலத்துக்குத் திறந்த கூடும், மாரிக்கு மூடிய கூடும் வைத்திருப்பார். நாகரிகம் மாறினால் ஐந்தாறு ஆண்டு ஓடிய அடிச்சட்டத்தின்மேற் புதிய கூடு ஏறும். செல்வர் கைவிட்ட பெரிய வண்டியின் கூட்டைக் கழற்றிவிட்டுப் பிரேத வண்டியாகவோ, பழுதடைந்த வண்டிகளை இழுத்துச் செல்லும் லொறியாகவோ மாற்றினார்கள். இதைக் கேட்டு நாம் வருந்தத் தேவையில்லை. பிரேத வண்டியாக உழைத்தபடியாலேதான் சில பழைய றோல்ஸ் றோய்ஸ் அடிச்சட்டங்கள் இரும்புக்கடைக்குப் போகாமல் நமது காலம்வரை வந்து சேர்ந்தன.

கம்பனியை 1919ஆம் ஆண்டில் நிறுவிய டபிள்யூ. ஓ. பென்ட்லிக்கோ கூடு கட்டுவோர்மேல் ஒரு மனத்தாங்கல் இருந்தது. அவர் தம் 3 லீற்றர் வண்டியை விரைந்து ஓடுவதற்கென்று செய்தார். வாங்கியவர்களிற் பலர் வீடுபோன்ற பாரமான மூடிய கூடுகளை அதன்மேல் ஏற்றினார்கள். பாரம் இழுக்க எஞ்சின் திணறியது. வாடிக்கையாளரைக் கடிந்துகொள்ள முடியாதல்லவா? ஆகவே அவர் எஞ்சினைப் பெரிதாக்கி, 1926ஆம் ஆண்டில் ஆறரை லீற்றர் வண்டியை வெளியிட்டார். அந்த வண்டியை இன்னும் வலுவாக்கிச் செய்ததே ‘ஸ்பீட் சிக்ஸ்’. பாரமான கூட்டைச் சுமக்கப் பிறந்த எஞ்சின், இலேசான கூட்டோடு பந்தயத்தில் ஓடியபோது அதனை வெல்ல ஆளில்லாமற் போயிற்று.

இனி வழக்குக்கு வருவோம். வழக்கிற்பட்ட வண்டி ஒரு ஸ்பீட் சிக்ஸ். ‘பழைய முதலாம் எண்’ என்பது அதன் செல்லப்பெயர். 1929ஆம் ஆண்டு பிரான்சு தேசத்து லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் வூல்வ் பார்னாற்றோவும் சர் ஹென்றி பேர்க்கினும் அதனை ஓட்டி வென்றனர். மறு ஆண்டில் பார்னாற்றோவும் கிளென் கிட்ஸ்டனும் ஓட்டி மீண்டும் வென்றனர். ஒரே வண்டி இருமுறை தொடர்ந்து வெல்வது அற்ப காரியமன்று. 1931இல் பென்ட்லி கம்பனி கடனில் மூழ்கி றோல்ஸ் றோய்ஸ் கம்பனியின் கைக்குப் போய்விட்டது. எனினும் வண்டி ஓய்வு பெறவில்லை. அவ்வாண்டிலேயே இங்கிலாந்தின் புறூக்லாண்ட்ஸ் ஓடுபாதையில் நடந்த 500 மைற் பந்தயத்தை வென்றது. 1932இல் அதற்கு 8 லீற்றர் எஞ்சின் பூட்டினார்கள். செப்டெம்பர் மாதத்தில், அதே 500 மைற் பந்தயத்தில், கிளைவ் டன்பி என்னும் இளைஞர் வேறொரு வண்டியை முந்த முயன்றபோது சில்லுகள் சாய்வுப் பாதையின் மேல்விளிம்பைக் கடந்தன. வண்டி அப்பால் வீழ்ந்து நொறுங்கியது. அவர் உயிரிழந்தார்.

நொறுங்கிய வண்டியைப் பார்னாற்றோ வீசிவிடவில்லை. திருத்தி, மூடிய கூடு ஒன்றைப் பூட்டித் தெருவில் ஓட்டத் தக்கதாக்கினார். பின் அது கைகள் பல மாறியது. 1990இல் நீதிபதி ஒட்டன் அவ்வண்டியின் வரலாற்றை ஆணி ஆணியாக ஆராய்ந்தார். 1929இல் வென்ற வண்டியிலிருந்து, காலம் நிருணயிக்க முடியாத சில சில்லறைப் பொருத்துகளைத் தவிர, எதுவும் எஞ்சவில்லை என அவர் கண்டார். 1930இல் வென்ற வண்டியிலிருந்து மிதிகட்டைகளின் தண்டும், கியர்ப்பெட்டியின் புறக்கூடும், ஸ்டியரிங் தண்டும் எஞ்சியிருந்தன. 1932இல் விபத்துக்குள்ளான வண்டியிலிருந்து அடிச்சட்டம், விற்கள், முன் அச்சு, 8 லீற்றர் எஞ்சின் முதலிய பெரும்பாகம் எஞ்சியிருந்தது.

இந்தக் கணக்கைக் கேட்டதும், வாங்க மறுத்தவர்கள் சொன்னது சரிதானே என்று நேயர்கள் எண்ணலாம். நீதிபதி அப்படி எண்ணவில்லை. அசல் என்ற சொல்லைத் தொழிற்சாலையிலிருந்து வந்த உறுப்புகளோடு மாறாதிருப்பது என்ற பொருளில் எடுத்தால், இது அசலன்று என அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் இது நகலுமன்று. எங்கோ கிடந்த உதிரிகளைக் கூட்டிப் பிறகொருநாள் உருவாக்கிய பொருளுமன்று. உறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக மாறிக்கொண்டிருந்த காலம் முழுவதும் அந்த வண்டி அந்த வண்டியாகவே வாழ்ந்துவந்தது. எந்த ஒரு நாளிலும் அதன் தன்மை அற்றுப்போகவில்லை. ஆகவே அது மெய்யான ‘பழைய முதலாம் எண்’ என்பதே தீர்ப்பு. விற்றவர் வழக்கில் வென்றார்.

தேர்த்திருவிழாக் காணும் நமக்கு இத்தீர்ப்பு அந்நியமாகத் தோன்றாது. இந்த ஆண்டு அச்சை மாற்றுகிறோம். இன்னோராண்டிற் சில்லை மாற்றுகிறோம். பின்னொருநாள் உளுத்த சட்டங்களைக் கழற்றிப் புதுமரம் இடுகிறோம். வீதிக்கு வந்ததும் அதைப் புதுத்தேர் என்று யாரும் சொல்வதில்லை. பாட்டன் வடம் பிடித்த தேர் என்றே சொல்கிறோம். ஆனால் ஒரு வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். தேரை மாற்றியது அதன் தேவை. அதேபோற் பந்தய வண்டியை மாற்றியதும் அதன் தொழிலே. எவரும் அதனை வேறொன்றாகக் காட்டுவதற்காக மாற்றவில்லை. இந்த இடத்திலேதான் என் மனத்தில் உறுத்தும் இன்னொரு வகை மாற்றம் வருகிறது.

1934ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே பழைய விளையாட்டு வண்டிகளுக்கென ஒரு கழகம் தோன்றியது. 1930ஆம் ஆண்டு இறுதிக்கு முன் செய்யப்பட்ட வண்டிகளே அவர்களுக்கு உயர்ந்தவை. அக்காலத்தில் இவ்வண்டிகளைச் சொற்ப விலைக்கு வாங்கலாம். வாங்கியவர்கள் அவற்றைப் பூட்டி வைக்காமல் ஓட்டினார்கள், மலையேற்றினார்கள், பந்தயத்தில் விட்டார்கள். அந்த உற்சாகத்தாலேதான் இத்தனை வண்டிகள் பிழைத்தன என்பதை மறக்கலாகாது. ஆனால் அவர்கள் விரும்பியது லெ மான் வண்டியைப் போன்ற திறந்த கூட்டை. அவர்கள் கைக்கு வந்தவற்றிற் பல, மருத்துவரும் வியாபாரியும் குடும்பத்தோடு செல்லக் கட்டுவித்த மூடிய கூடுகள். மரம் உளுத்திருக்கும், கதவு தொங்கியிருக்கும், கூரை ஒழுகும். அதைத் திருத்தும் செலவைவிடத் திறந்த கூடு ஒன்றைப் புதிதாகக் கட்டுவது மலிவு. பாரமும் குறையும். வேகமும் கூடும். பார்ப்பவர் கண்ணுக்கும் அழகு. ஆகவே மூடிய கூடுகள் கோடரிக்கு இரையாயின. பின்னர் விலை ஏறத் தொடங்கியபோது இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. திறந்த வண்டிக்கு மூடிய வண்டியைவிடக் கூடுதலான விலை கிடைத்தது. முன்னே வறுமை உடைத்ததைப் பின்னே பேராசை உடைத்தது.

இதன் பயனாக இன்று பழைய பென்ட்லி வண்டிகள் கூடும் விழாவுக்குச் செல்பவர், அக்காலத்து இங்கிலாந்தில் எல்லோரும் மூக்குக் கண்ணாடி அணிந்து, காற்றிலே தலைமயிர் பறக்க, திறந்த வண்டியிலேயே திரிந்தார்கள் என்று எண்ணிவிடக்கூடும். பச்சை நிறமும், எஞ்சின் மூடியைச் சுற்றிய தோற்பட்டையும் எங்கும் தென்படும். கிழவிகளைக் கோயிலுக்கும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கும் ஏற்றிச்சென்ற வண்டிகள் எங்கே? அவையும் அங்கேதான் நிற்கின்றன, வேறு உடுப்பில்.

மூடிய கூட்டுக்கு நேர்ந்த இந்த அவமதிப்புக்கு ஒரு வேடிக்கையான எடுத்துக்காட்டு உண்டு. 1930ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் முன்சொன்ன பார்னாற்றோ, தென் பிரான்சிலுள்ள கான் நகரிலிருந்து ‘நீல ரயில்’ என்னும் விரைவு வண்டியோடு போட்டியிட்டுத் தமது ஸ்பீட் சிக்ஸில் இலண்டனுக்கு விரைந்தார். ரயில் கலே துறைமுகத்தைச் சேர நான்கு நிமிடம் இருக்கும்போதே அவர் கடலையுங் கடந்து இலண்டனிலுள்ள தமது சங்கத்தின் வாசலில் நின்றார் என்பர். அந்த ஓட்டத்தை நிகழ்த்திய வண்டி எது? தாழ்ந்த கூரையும் நீண்ட முகமும் கொண்டு கேர்னி நட்டிங் கட்டிய அழகிய வண்டியே அது என்று பல்லாண்டு உலகம் நம்பியது. படங்களில் தீட்டினார்கள். ஏடுகளில் எழுதினார்கள். பின்பு பதிவேடுகளைப் புரட்டியபோது அந்த அழகிய வண்டி மே மாதத்திலேதான் முடிவடைந்தது எனத் தெரியவந்தது. மார்ச்சு மாதத்து ஓட்டத்தை ஓடியது மலினர் கட்டிய ஒரு சாதாரண மூடிய வண்டி. அழகுக்குப் புகழ் போயிற்று. உழைத்ததற்கு ஒன்றுமில்லை.

அப்படியானால் எதையும் தொடவே கூடாதா? அதுவும் பொருந்தாது. 1946 தொடக்கம் 1952 வரை வெளிவந்த ‘ஆறாம் மார்க்’ பென்ட்லியை எடுத்துக்கொள்வோம். றோல்ஸ் றோய்ஸ் தொழிற்சாலையே முழுக் கூட்டையும் உருக்கினாற் பூட்டி விற்ற முதல் வண்டி அது. அடிச்சட்டம் உறுதியானது, கூட்டின் உருக்குத் தகடோ துருப்பிடித்து உதிர்ந்தது. கூடு மண்ணாய்ப்போன பின்பு எஞ்சிய நல்ல அடிச்சட்டத்தின்மேற் புதுக் கூடு கட்டுபவரை நான் குறைகூற மாட்டேன். இல்லாத ஒன்றை யாரும் அழிக்க முடியாது. அவர் தமது வண்டியைப் பழைய பந்தய வண்டி என்று சொல்லி விற்காதிருந்தாற் போதும்.

இவ்விடயத்திற் சில நெறிகளும் வகுக்கப்பட்டிருக்கின்றன. பழங் கட்டடங்களைப் பேணுவதற்கு 1964ஆம் ஆண்டிலே வெனிஸ் நகரில் ஒரு சாசனம் இயற்றப்பட்டது. அதனைப் பின்பற்றிப் பழைய வண்டிகளுக்கான சர்வதேசச் சம்மேளனம் 2012ஆம் ஆண்டில் ரூறின் நகரின் பெயரால் ஒரு சாசனத்தை ஏற்றுக்கொண்டது. அதன் கருத்தை எளிதிற் சொல்லலாம். தேவைக்கு மேலே கை வைக்காதே. வைத்தால் எழுதி வை. புதிதாய்ச் சேர்த்தது எது என்று பின்வருபவர் கண்டுகொள்ளும்படி செய். வண்டி உழைத்த காலத்தில் அதற்கு நேர்ந்த மாற்றங்களையும் அதன் வரலாறாகக் கொள். இந்தக் கடைசி விதி முக்கியமானது. ‘அசல்’ என்றால் தொழிற்சாலை வாசலைத் தாண்டிய முதல்நாட் கோலந்தான் என எண்ணி, முப்பது ஆண்டு உழைப்பின் தடங்களையெல்லாம் சுரண்டித் தேய்த்து, பளிங்குபோல் வர்ணம் பூசுபவர் பலர். அவ்வளவு பளபளப்போடு அந்த வண்டி தொழிற்சாலையிலிருந்துகூட வந்திராது. கருங்கல் மண்டபத்துக்கு எண்ணெய் வர்ணம் பூசி அழகு பார்க்கும் திருப்பணிக்கும் இதற்கும் பேதமில்லை. கோடரி எடுத்தவரும் கெடுத்தார், பஞ்செடுத்துத் துடைத்தவரும் கெடுத்தார்.

அண்மையில் இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. பென்ட்லி கம்பனி தன்னிடமுள்ள பழைய ‘புளோவர்’ பந்தய வண்டியைக் கழற்றி, ஒவ்வோர் உறுப்பையும் ஒளிக்கதிரால் அளந்து, அதே வடிவிற் பன்னிரண்டு புதிய வண்டிகளைச் செய்யப்போவதாக 2019ஆம் ஆண்டில் அறிவித்துச் செய்துகாட்டியது. எஞ்சினுக்குள் காற்றை வலிந்து செலுத்தும் அந்த ‘புளோவர்’ அமைப்பை டபிள்யூ. ஓ. பென்ட்லி தம் வாழ்நாளில் வெறுத்தார் என்பது வேறு கதை. அவர் வெறுத்த திருத்தம் இன்று போற்றப்படும் மூலமாகிவிட்டது! நகல் என்று வெளிப்படையாகச் சொல்லி விற்கும் நகலில் எனக்கு ஆட்சேபமில்லை. புதிதாகச் செய்ய வழியிருக்கும்போது, திறந்த பந்தய வண்டி வேண்டுமென்பதற்காக எஞ்சியுள்ள ஒரு மூடிய கூட்டை உடைப்பதற்கு இனி ஒரு நியாயமும் இல்லை.

பெற்றோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு மின்சார மோட்டார் பூட்டுவோரும் இப்போது தோன்றியிருக்கின்றனர். முன்கூறிய சம்மேளனம் அவ்வாறு மாற்றியவற்றை வரலாற்று வண்டிகளாக ஏற்பதில்லை என 2019இல் தெரிவித்தது. கழற்றிய எஞ்சினை எண்ணெய் பூசிப் பத்திரமாக வைத்து, அடிச்சட்டத்தில் ஒரு துளைகூடப் போடாமற் பூட்டினால் ஒருநாள் மீட்கலாம். வெட்டி ஒட்டினால் மீட்க முடியாது. இதற்குமேல் இவ்விடயத்திற் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

நமது வீட்டு முற்றத்தையும் பார்ப்போம். யாழ்ப்பாணத்து வீதிகளில் ஒஸ்ரின் கார்களும் மொறிஸ் மைனர்களும் எவ்வளவு காலம் உழைத்தன என்பது நேயர்கள் அறியாததன்று. 1990ஆம் ஆண்டின் பின் பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் கிடையாமற் போனபோது அவை மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. ஆகவே சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். இந்தப் பழைய எஞ்சின்கள் எரிபொருட் கலவையை அதிகம் அழுத்தாதவை. ஆதலாலே மண்ணெண்ணெய் முன்கூட்டி வெடித்து எஞ்சினை உடைக்கவில்லை. புதிய வண்டிகள் முடங்கிக் கிடக்கக் கிழட்டு ஒஸ்ரின்கள் புகை கக்கியபடி நோயாளரை ஆசுபத்திரிக்கு ஏற்றிச்சென்றன. எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்யும் என்பதும் அவற்றை ஓட்டியவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் ஓட்டினார்கள்.

இன்று அந்த ஒஸ்ரின்கள் தேடி வாங்கப்படுகின்றன. கல்யாண ஊர்வலத்துக்கு விரும்புகிறார்கள். வாங்கியவர் செய்யும் முதற்காரியம், வண்டியைப் பழையபடி ஆக்குவது. எஞ்சின் மூடியைத் திறந்தாற் பக்கத்திற் கையாலடித்த ஒரு தகரப் பிடி இருக்கும். சிறு போத்தலைச் செருகி வைக்க எந்தக் கராஜ்காரனோ செய்தது. பேர்மிங்ஹாம் தொழிற்சாலையின் படத்தில் அது இல்லை. ஆகையால் அது அசலன்று எனக் கழற்றி எறிகிறார்கள். அதற்காகப் போட்ட துளையையும் அடைத்து வர்ணம் பூசிவிடுகிறார்கள்.

அப்படி ஒரு வண்டி உங்களிடம் இருந்தால் அந்தத் தகரப் பிடியை இருந்த இடத்தில் விட்டுவிடுங்கள். கழற்றித்தான் ஆகவேண்டுமென்றால் ஒரு கடதாசியிலே வண்டியின் இலக்கத்தையும், அதை ஓட்டியவர் பெயரையும், எந்த ஆண்டுகளில் மண்ணெண்ணெயில் ஓடியது என்பதையும் எழுதி, பிடியோடு சேர்த்துக் கட்டி வண்டியின் பத்திரங்களோடு வையுங்கள். அதை ஓட்டியவர்களிற் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். கேட்டாற் சொல்வார்கள்.